ஈயச்சொம்புச் சிவப்பு

பெங்காலிகள் நடுவே பெஹாலாவில் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும். நாகலட்சுமிக்கு மரக்கவில்லை. எதிர் ஃபிளாட்டில் எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற பெங்காலிக்காரி ஹில்ஸா மீன் பொரிக்கிற அன்றைக்கெல்லாம் ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு ஒருவழியாகச் சமாளித்துவிடுவாள். மழைக்காலத்தில் சாக்கடை படிக்கட்டு வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். அதையும் ஃபினாயில் ஊற்றித் துரத்திவிடுவாள். ஆனால் அன்று காலை குளியலறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதிய நாற்றத்துக்கு அவளிடம் மருந்து இல்லை. அது ஈர ஆட்டின் நாற்றம். ஆடு வரவில்லை, அதன் மயிர் மட்டும் வந்திருந்தது.

அவள் குளிக்கிற பச்சை வாளியில் கம்பளி நூல் கண்டு கண்டாக ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. மேலே எண்ணெய்ப் படலம், வைக்கோல் துணுக்குகள், கறுப்பாக உருண்டையாக இன்னும் ஏதோ ஒன்று. பார்க்காமலேயே நகர்ந்திருக்கலாம். அருவருப்புப் படுகிறவர்களால்தான் உற்றுப் பார்க்காமல் இருக்க முடியாதே! குனிந்து பார்த்தாள். செத்த உண்ணி ஒன்று காலை விரித்துக்கொண்டு மிதந்தது.

"கல்பனா!"

கல்பனா அவளுடைய நாத்தனார், கணவர் சிதம்பரத்தின் ஒரே தங்கை. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் புருஷனோடு இருந்தவள், துர்க்கா பூஜை லீவில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். லீவு முடிந்தது, காளி பூஜையும் முடிந்தது, பெட்டி மட்டும் திரும்பிப் போகவில்லை. அடித்தானா என்று கேட்டால் இல்லை என்றாள். குடிக்கிறானா என்றால் அதுவும் இல்லை. பின்னே என்னதான் என்றதற்குப் பதிலே கிடையாது. அடிக்காத, குடிக்காத புருஷனை விட்டுவிட்டு ஒருத்தி எதற்கு வருவாள் என்று நாகலட்சுமிக்குப் புரியவில்லை. புரியாத விஷயங்களை அவள் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை.

கல்பனா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கத்தாதேங்கோ மன்னி. கம்பளில இருக்கற கொழுப்பு போனாத்தான் சாயம் பிடிக்கும். இதோ எடுத்துடறேன்."

"கொழுப்பா? நான் குளிக்கற வாளியிலே ஆட்டுக் கொழுப்பா?"

"மாம்சக் கொழுப்பு இல்லே மன்னி. வேர்வை மாதிரி, மயிர்லே ஊறி இருக்கும்."

வேர்வை என்றதும் நாகலட்சுமிக்கு இன்னும் குமட்டியது. அந்த வாளியை அன்றைக்கே வேலைக்கார மாஷியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மாஷிக்கு ஒரே சந்தோஷம்.

இந்த ஆட்டு விவகாரம் டாலிகஞ்சிலிருந்து வந்தது. அங்கே மௌஷுமி என்கிற பெங்காலிப் பெண்மணி சால்வைக் கடை வைத்திருந்தாள். மலைப் பக்கத்தில் கையால் நூற்ற கம்பளியில் ரசாயனம் கலக்காத சாயம் ஏற்றிப் பின்னிக் கொடுத்தால், அதை வாங்குவதற்கென்றே ஒரு சினிமாக்காரக் கூட்டம் அவளிடம் வரும். கல்பனா போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மஞ்சளும் வெங்காயத் தோலும் போட்டுச் சாயம் ஏற்றிய நூலைக் கொண்டுபோய்க் காட்டினாள். மஞ்சளும் பழுப்பும் யார் வேண்டுமானாலும் போடுவார்கள், எனக்கு வேண்டியது சிவப்பு என்றாளாம் மௌஷுமி. மெரூன் கூடாது, மாதுளை கூடாது, நல்ல குங்குமச் சிவப்பு. அது வந்தால் நிரந்தர வேலை. கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் தங்கிக்கொள்ளலாம்.

வராவிட்டால் என்ன என்பதைச் சிதம்பரம் சொல்லிவிட்டார். கிடர்பூர் துறைமுக ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிறவர். எந்தத் தகராறையும் 'பார்க்கலாம்' என்று ஓரமாக நகர்த்தி வைப்பதில் கெட்டிக்காரர்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம் கல்பனா. ஒண்ணும் சரிப்படலேன்னா நானே கரக்பூர் கூட்டிண்டு போய் விட்டுட்டு வரேன். மாப்பிள்ளைகிட்டே நான் பேசறேன்."

கல்பனா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள்; அது தரையில் பட்டு டகடகவென்று ஆடிவிட்டு நின்றது.

அன்றிலிருந்து நாகலட்சுமி கிறிஸ்மஸை எதிர்பார்க்க ஆரம்பித்தாள். அவள் கெட்டவள் இல்லை. வீடு சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்று சொல்லியே எத்தனை பேரை வேண்டுமானாலும் வெளியே தள்ளிவிடலாம்.

சிவப்புக்காகக் கல்பனா படா பஜாரிலிருந்து கொம்பரக்கு வாங்கி வந்தாள். குச்சிகளைச் சுற்றிப் பொருக்குத் தட்டிப்போன சிரங்கு மாதிரி இருந்தது. அதை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டதும் வீட்டுக்குள் புதிதாக ஒரு வாடை குடியேறியது. ஆட்டு நாற்றமாவது உயிரோடு இருந்த ஒன்றின் நாற்றம். இது அப்படி இல்லை.

"என்னடி இது, மரத்துப் பிசினா?" என்று கேட்டு நாகலட்சுமி ஒரு துண்டைக் கையில் எடுத்தாள்.

"பூச்சி மன்னி. மரத்துலே ஒட்டிண்டு தன்னைச் சுத்திக் கக்கிக்கும். அப்புறம் உள்ளேயே செத்துப் போயிடும். அந்தப் பூச்சி உடம்புலேதான் சிவப்பு இருக்கு."

துண்டு கீழே விழுந்தது. நாகலட்சுமி முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள், கழுவிவிட்டு மோந்து பார்த்தாள், மறுபடி கழுவினாள். பிறகு சட்டம் போட்டாள். பூச்சி, மயிர் சமாச்சாரமெல்லாம் பால்கனியோடு சரி. அடுப்பு வேண்டுமென்றால் பரண்மேல் கிடக்கிற பழைய கரண்ட் அடுப்பு. பாத்திரம் வேண்டுமென்றால் கைப்பிடி போன அலுமினியக் குண்டான். சமையலறைக்குள் இதில் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது.

கல்பனா சரி என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்கிற ரகம். படிகாரம் போட்டுக் கொதிக்கவைத்த கம்பளி ஒரு தடவை ஆறிப்போன காயத்தின் நிறத்தில் வந்தது. அடுத்த தடவை நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி வந்தது. ஒவ்வொரு கண்டையும் அவள் பால்கனிக் கொடியில் போட, ஒவ்வொன்றும் மெரூனாகவே காய்ந்தது. நாகலட்சுமி கதவோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "ஏன், இதுவும் நன்னாத்தானே இருக்கு!" என்று அனுதாபப்படுவாள். உள்ளூர அவளுக்கு நிம்மதி. மௌஷுமி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். கடைசியாக ஒரு யோசனையும் சொல்லியனுப்பினாள்: புளிப்பாக ஏதாவது சேர்த்துப் பார்.

அந்த வீட்டில் ஒரு ஈயச்சொம்பு இருந்தது. நாகலட்சுமியின் அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கல்யாணச் சீரோடு கொடுத்தது. நாகலட்சுமி ரசம் அதில்தான் வைப்பாள். குக்கர் மாறியது, மிக்ஸி மாறியது, வீடே இரண்டு தடவை மாறியது, சொம்பு மாறவில்லை. ஈயச்சொம்பு எத்தனை சுகவாசி என்று வைத்துச் சமைத்தவர்களுக்குத் தெரியும். உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் சமர்த்தாக இருக்கும். காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றினால் கண் எதிரிலேயே உருகி ஓடிவிடும். புதுப்பெண்கள் எல்லோரும் ஒரு சொம்பையாவது உருக்கிவிட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நாகலட்சுமி உருக்கியதே இல்லை. இதை அவள் சொல்லிக் கேட்காத தமிழ்க் குடும்பம் லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

மார்கழி பிறந்தது. நாகலட்சுமி லேக் மார்க்கெட் பக்கத்துக் கோயிலில் பஜனை என்று காலையிலேயே போனாள், மத்தியானம் திரும்பினாள். வீடு துடைத்து வைத்தது போல் இருந்தது. சமையலறை மேடைகூட மினுமினுத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் ரசம் வைத்தாள். மூன்று பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்கு ரசம் பிரமாதம்" என்றார் சிதம்பரம். "தக்காளி நன்னாப் பழுத்ததோ? கலரே வேற மாதிரி இருக்கே." இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

நாகலட்சுமியும் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள். பல்லிடுக்கில் ஏதோ நெருடியது. கறிவேப்பிலை நரம்பு என்று நினைத்து நாக்கால் தள்ளினாள், வரவில்லை. விரலை விட்டு இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. நீளமாக, சுருள் சுருளாக, மயிர் பிசிறிக்கொண்டு ஒரு இழை. பளீரென்ற சிவப்பு.

அவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். அப்போது சாப்பிட்டது போயிற்று, மத்தியானச் சாப்பாடும் போயிற்று. ஆடு, உண்ணி, பூச்சி கக்கினது, பூச்சி செத்தது, எல்லாம் அவள் வாய்க்குள் வந்து போயிருந்தன. நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் தேவலை போலிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "எந்தப் பாத்திரத்துலே பண்ணினே? சொல்லு."

கல்பனா எழுந்து நின்றாள். "குண்டான் அடியிலே ஓட்டை விழுந்துடுத்து மன்னி. கரண்ட்டும் இல்லே. நீங்களும் இல்லே. புளியைக் கரைச்சேனா, கை தானா ஈயச்சொம்புக்குப் போயிடுத்து. நம்மாத்துலே புளித்தண்ணியை வேற எதுலே கொதிக்க வெச்சிருக்கோம்? அலுமினியத்துலே புளி ஆகாது, பித்தளையிலே ஆகாதுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டு, யோசிக்கவே தோணலே. அப்புறம் நன்னாத் தேய்ச்சேன். ரெண்டு தரம் தேய்ச்சேன்."

"சொம்போட கழுத்து மடிப்பைத் தேய்ச்சியா?"

கல்பனா உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தாள். "இதை ஒரு தடவை பாருங்கோ மன்னி. அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் திட்டுங்கோ."

உள்ளே ஒரு கண்டு நூல். விளக்கு வெளிச்சத்தில் அது எரிந்தது. மெரூன் இல்லை, மாதுளை இல்லை. வகிட்டில் அப்போதுதான் வைத்த குங்குமம். புளி மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை. புளி ஈயத்தைக் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்ள, ஈயம் அரக்கின் நிறத்தையே மாற்றிவிட்டது. குண்டானில் எத்தனையோ தடவை வராத சிவப்பு ஒரு ரசச் சொம்பில் வந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. அது அழகாக இருந்ததுதான் நாகலட்சுமிக்குத் தாங்கவில்லை.

"செத்த பூச்சியை வேகவெச்ச பாத்திரத்தைக் கொண்டுவந்து மேடையிலே வெச்சியே! அதுலே நாங்க சாப்பிடறதைப் பாத்துண்டு பக்கத்துலே உக்காந்திருந்தியே! உனக்கு ஒரு அருவருப்புகூட இல்லையாடி?"

கல்பனா நூலைத் திரும்ப மூட்டை கட்டினாள். கட்டிக்கொண்டே, அக்கம்பக்கத்துச் சேதி சொல்கிற குரலில் சொன்னாள்: "அவர் என் தட்டுலே துப்புவார் மன்னி. கோவம் வந்தா அடிக்க மாட்டார், கத்த மாட்டார். என் தட்டுலே காறித் துப்பிட்டு, சாப்பிடுன்னுட்டு எதிரே உக்காந்திருப்பார். சாப்பிட்டு முடிச்சாத்தான் எழுந்திருப்பார். இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கேன். அருவருப்புன்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சு."

சிதம்பரம் தம் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரசம் சாதம் அப்படியே இருந்தது.

நாகலட்சுமி ஒரு கணம் கல்பனாவின் பக்கமாக ஓரடி வைத்தாள். அந்த ஒரு கணத்தில் அவள் கல்பனாவின் கையைப் பிடித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் அதற்குள் அந்தத் தட்டு அவள் கண்முன் வந்துவிட்டது. சாதத்தின் மேல் எச்சில், அதைப் பிசைகிற விரல்கள். அதே விரல்கள் தன் சமையலறையில் காய் நறுக்கின, தன் பாத்திரத்தைத் தேய்த்தன. அருவருப்புக்கு நியாயம் தெரியாது. துப்பியவன் எங்கேயோ கரக்பூரில் இருந்தான். சாப்பிட்டவள் எதிரில் நின்றாள். எதிரில் நின்றவள்மேல் அது ஒட்டிக்கொண்டது.

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கல்பனா அதைப் பார்த்தாள்.

மறுநாள் மௌஷுமி நூலைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தாளாம். இதே சிவப்பில் ஒரு பை நிறையக் கண்டுகளைக் கிறிஸ்மஸுக்குள் கொடுத்துவிட்டால் அன்றைக்கே அறைச் சாவி. கல்பனா திரும்பி வந்து சமையலறை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"ஈயச்சொம்பை எனக்குக் குடுத்துடறேளா மன்னி? எப்படியும் இனிமே நீங்க அதுலே சமைக்கப் போறதில்லே."

"குடுத்துடேன்" என்றார் சிதம்பரம். முந்தின நாளிலிருந்து அவர் கரக்பூர் பேச்சையே எடுக்கவில்லை. "உனக்குக் கும்பகோணத்துலேர்ந்து வேற வரவழைச்சுத் தரேன்."

நாகலட்சுமி ம் என்றாள்.

அடுத்த நாள் காலையில் கல்பனா, சாயத்துக்காக அலசிய நூலை உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். சிதம்பரம் குளித்துக்கொண்டிருந்தார். சொம்பு மேடை ஓரத்தில், பழைய நாளிதழின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தது. நாகலட்சுமி அதை இரண்டு விரலால் தூக்கினாள். அம்மா வாங்கிக் கொடுத்த சொம்பு இனிமேல் ஏதோ ஒரு கடையின் பின்பக்கத்தில் நாள் முழுக்கப் பூச்சி வேகவைக்கப் போகிறது என்று நினைத்தாள். அது செத்துப்போனாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். அது இல்லாவிட்டால் சிவப்பு இல்லை, சிவப்பு இல்லாவிட்டால் கரக்பூர் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் காலிச் சொம்பை அடுப்பின்மேல் வைத்து காஸைத் திருப்பினாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அடிப்பக்கம் களைத்தாற்போல் தொய்ந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் வெள்ளியாய் உருகி, பர்னரைச் சுற்றிக் குளமாகி, மேடைக் கல்லில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கழுத்து மட்டும் கொஞ்ச நேரம் முழுசாக நின்று, அதுவும் அமிழ்ந்தது. நாகலட்சுமி அடுப்பை அணைத்தாள். அதற்கப்புறம்தான் "ஐயையோ!" என்றாள்.

இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். "ரசத்துக்கு வைக்கற ஞாபகத்துலே வெச்சுட்டேன். தண்ணி ஊத்த மறந்துட்டேன்" என்றாள்.

சிதம்பரம் இடுப்பில் துண்டோடு நின்று அவளையே பார்த்தார். ஊர் முழுக்கச் சொம்பை உருக்கியதாகச் சொன்னாலும் நம்பலாம். நாகலட்சுமி மறந்தாள் என்பதை யார் நம்புவார்கள்? அவர் ஈரத்தலையோடு உள்ளே போய்விட்டார்.

கல்பனா அடுப்புக்குப் பக்கத்தில் வந்தாள். வாசற்படி தாண்டக் கூடாது என்று இப்போது யாரும் சொல்லவில்லை. ஈயம் ஆறி இறுகுகிற வரைக்கும் நின்றாள். பிறகு தோசைத் திருப்பியால் பர்னரிலிருந்தும் மேடையிலிருந்தும் ஒவ்வொரு சில்லாகப் பெயர்த்து, முந்தானையில் சேர்த்துக்கொண்டாள்.

"இதை எடுத்துக்கறேன் மன்னி" என்றாள். "இது உங்களுக்கு வேண்டாமே?"

அந்தச் சில்லுகளை ஒரு எனாமல் பேசினில் போட்டு, கெட்டிப் புளித்தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டாள். காலையில் அரக்குச் சாற்றைச் சேர்த்து, கம்பளியை அமுக்கி, கரண்ட் அடுப்பில் மெதுவாகச் சூடேற்றினாள். நாகலட்சுமி சாமி முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாய் சுலோகம் சொல்லியது. மூக்கும் காதும் பால்கனியில் இருந்தன. வரக் கூடாது என்று நினைத்தாள். வந்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தாள். தான் செய்ததற்கு அப்போது ஒரு மன்னிப்பாவது கிடைக்குமே!

வந்தது. சொம்பு போனாலும் ஈயம் போகவில்லை. கொடியில் முதல் கண்டு ஏறியதும் எதிர் ஃபிளாட் பௌதி தன் பால்கனியிலிருந்து, "ஓமா, கி ஷுந்தொர்!" என்று கத்தினாள். என்ன அழகு என்று எல்லோரும்தான் சொன்னார்கள். அடுத்தடுத்த நாள்களில் கொடி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. வெயில் அதில் பட்டுச் சமையலறைச் சுவரெல்லாம் செக்கச்செவேலென்று தெரிந்தது. நாகலட்சுமி அடுப்பைத் தேய்த்தாள். பர்னரின் இடுக்கில் ஒட்டியிருந்த ஒரு பொட்டு ஈயம் மட்டும் என்ன சுரண்டினாலும் வரவில்லை.

கல்பனா டாலிகஞ்ச் அறைக்குக் கிளம்புகிற அன்று நாகலட்சுமி சீக்கிரமே எழுந்து குளித்து, பருப்பு, கறி, அப்பளம், பாயசம் என்று ஒரு விசேஷச் சமையலே பண்ணினாள். எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம். கல்பனாவுக்கு முதலில் தட்டுப் போட்டு, தானே பரிமாறி, நெய்யும் ஊற்றினாள். கீழே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"அவன் இருக்கட்டும். நீ சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. "உனக்காகத்தான் பண்ணினேன் கல்பனா. ரெண்டு வாயாவது சாப்பிடு."

பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

கல்பனா தட்டைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து, சாப்பிடு என்று சொல்கிறவளையும் பார்த்தாள். அவள் மேலுதடு லேசாகச் சுருங்கியது. அந்த முகக்குறி நாகலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். உண்ணியைப் பார்த்தபோது, அரக்கைத் தொட்டபோது, கண்ணாடி இல்லாமலேயே தன் முகத்தில் அவள் உணர்ந்தது அது.

"மறந்துபோச்சுன்னு சொன்னேனே மன்னி" என்றாள் கல்பனா. "மறக்கலே."

தட்டைத் தொடாமலே எழுந்தாள். உள்ளே போய் அண்ணாவிடம் சொல்லிக்கொண்டாள். நூல் பையை ஒரு தோளிலும் ஈயச் சில்லு மூட்டையைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சிதம்பரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய், ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். நாகலட்சுமி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவ கையே வைக்கலே, எச்சில் இல்லே" என்றாள் தட்டைக் காட்டி. "நீங்க சாப்பிடறேளா?"

அவர் தட்டைப் பார்த்தார். "பசியில்லே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

யாரும் துப்பாத, யாரும் வாய் வைக்காத சாதம். நெய் மேலே உறைய ஆரம்பித்திருந்தது. நாகலட்சுமி தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கவளம் பிசைந்து வாய்வரைக்கும் கொண்டுபோனாள். குமட்டியது. கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.